வாரம் ஒரு லிட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு கார் இழுவை வண்டியில் எங்கள் பட்டறைக்கு வந்து இறங்கியது. கூடவே வந்த இளைஞரின் முகம் வாடிப்போயிருந்தது. “அண்ணே, நான் வண்டியைக் கவனிக்காம விட்டவன் இல்லை. வாராவாரம் தவறாம தண்ணி ஊத்திடுவேன்” என்றார். எவ்வளவு ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். ஒரு லிட்டர் பிடிக்கும் என்றார். எத்தனை நாளாக? ஐந்தாறு மாதமாக.

அவர் பொறுப்பான மனிதர்தான். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒரு மூடிய சுற்றில் ஓடுகிறது. பெட்ரோல் மாதிரிச் செலவாகிற பொருள் இல்லை அது. நல்ல நிலையில் உள்ள காரில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் கூலன்ட் டேங்கில் அளவு பெரிதாக இறங்கியிருக்காது. மாதாமாதம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. வாராவாரம் ஒரு லிட்டர் என்றால் அது முற்றிவிட்டது. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பிக்கொண்டே இருந்ததுதான் அந்த ஐந்தாறு மாதமும் நடந்தது.

அவர் காரில் ஒழுக்கு வாட்டர் பம்பில். பம்பின் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், அதற்கென்றே விடப்பட்ட ஒரு சின்னத் துளை வழியாகக் கூலன்ட் சொட்டும். சூட்டில் அது காய்ந்துவிடுவதால் தரையில் ஈரம் தெரியாது. பம்புக்குக் கீழே வெளுத்துப்போன ஒரு தடம் மட்டும் இருக்கும். அந்தக் கட்டத்தில் கொண்டுவந்திருந்தால் பம்பை மாற்றி அனுப்பியிருப்பேன். அவர் வந்தபோது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியிருந்தது.

அன்று நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நெடுஞ்சாலையில் போகும்போது வெப்பமானி முள் மேலே ஏறியிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டியிருக்கிறார். சற்று நேரத்தில் முள் தானாகவே இறங்கிவிட்டது. அப்பாடா, சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது.

முள் இறங்கியதற்குக் காரணம் சூடு குறைந்தது இல்லை. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கி இருக்க வேண்டியது. கூலன்ட் தீர்ந்துபோனால் அதைச் சுற்றி ஆவியும் காற்றும்தான் இருக்கும். இன்ஜினின் உண்மையான சூட்டை அது அறியாது. இரும்பும் அலுமினியமும் கொதித்துக்கொண்டிருக்கும்போது முள் சாதுவாகக் கீழே நிற்கும். ஏறிய முள் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் சட்டென்று இறங்கினால், ஏறியதைவிட அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய பல கார்களில் முள் சூட்டை அப்படியே காட்டுவதில்லை. சூடு ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் அது நடுவை விட்டு நகர ஆரம்பித்தாலே விஷயம் ஏற்கெனவே கைமீறிக்கொண்டிருக்கிறது. சில கார்களில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்வரை காத்திருப்பது ஆபத்து.

எரிபொருள் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜின் செய்யும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே வெளியேறும். மிச்சத்தில் பெரும்பகுதி கூலன்ட் தலையில்தான் விழுகிறது. வழக்கமாக அது 90 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடும். சுமை கூடினால் 100 டிகிரியைத் தாண்டும். அப்படியும் கொதிக்காமல் இருக்க இரண்டு காரணங்கள். ஒன்று, கூலன்ட்டில் பாதியளவு கிளைக்கால் என்ற வேதித் திரவம் கலந்திருப்பது. மற்றொன்று, ரேடியேட்டர் அல்லது கூலன்ட் டேங்கின் மேல் இருக்கும் அந்தச் சாதாரண மூடி. அதில் உள்ள ஸ்பிரிங்கும் ரப்பரும் உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைக்கின்றன. வெளிக்காற்றைவிட ஒரு பார் அழுத்தம் கூடினால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. கிளைக்கால் பாதி கலந்திருந்தால் இன்னும் மேலே தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்லப்பட்டு இரண்டாவது கருத்துக்காக என்னிடம் வந்த கார்கள் சில, மூடியை மாற்றியதும் சரியாகியிருக்கின்றன.

இதே அழுத்தம்தான் கையையும் சுடுகிறது. என்னிடம் வேலை பழகிய ஒரு பையன், நான் கவனிக்காத ஒரு நொடியில் சூடான மூடியைத் திருகிவிட்டான். மூடி திறந்ததும் அழுத்தம் போய்விடும்; 100 டிகிரிக்கு மேல் இருக்கும் திரவம் அந்தக் கணமே ஆவியாகிப் பீய்ச்சியடிக்கும். அவன் முழங்கை வரை வெந்துபோனது. தழும்பு இன்னும் இருக்கிறது. துணியைப் போட்டு மூடித் திறக்கலாம், மெதுவாகத் திறக்கலாம் என்றெல்லாம் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட முடிகிற அளவுக்கு ஆறட்டும். முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

சரி, தண்ணீர் மட்டும் ஊற்றினால் என்ன? அவசரத்துக்கு ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு லிட்டரும் கூலன்ட்டை நீர்க்கச் செய்கிறது. கொதிநிலை இறங்குகிறது. துருவைத் தடுக்கும் மருந்தும் நீர்த்துப்போகிறது. குழாய் நீரில் உள்ள சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கிறது. கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் தெரியும் அல்லவா, அதேதான். அடர்கூலன்ட்டைக் கலக்க வேண்டுமானால் வாலை வடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) வாங்குங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்: பச்சை, சிவப்பு, நீலம் என்பது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம், தரத்தின் அடையாளம் இல்லை. காரோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். வேறு வகையைக் கலந்தால் துருத் தடுப்பு கெடும். சில சமயம் உள்ளே கூழாகித் திரளவும் செய்யும்.

கார் எப்போது சூடாகிறது என்று கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் பெரும்பாலும் ஃபேனில் கோளாறு. மோட்டார், ஃப்யூஸ், ரிலே என்று அந்தப் பக்கம் பார்ப்பேன். நெரிசலில் நன்றாக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் என்று தேடுவேன். “ஹீட் ஆகுது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போகாதீர்கள். எங்கே, எப்போது, ஏசி ஓடியதா, எவ்வளவு நேரம் கழித்து என்று சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட் பற்றி எங்கள் தொழிலிலேயே இருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சூடாகிறது என்று வரும் காரில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வழியைத் திறக்கும் எளிமையான வால்வு அது. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடும். எரிபொருள் கூடும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் அதிகமாகும். கெட்டுப்போயிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள்.

ஓட்டும்போதே முள் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழு அளவில் திருப்பி, அதன் ஃபேனையும் முழு வேகத்தில் வையுங்கள். கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜினின் சூட்டை அது கொஞ்சம் வாங்கி வெளியே தள்ளும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை இது உதவும், வீடு போய்ச் சேர உதவாது. முள் சிவப்பைத் தொட்டால், அல்லது ஆவி கிளம்பினால், பாதுகாப்பான முதல் இடத்திலேயே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அபாய விளக்குகளைப் போடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். பல நாடுகளில் இது சட்டமே. அப்புறம், இன்ஜின் அணைந்த பிறகும் மின்சார ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கலாம், கையை உள்ளே விடாதீர்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டுவதில் என்ன ஆகிறது தெரியுமா? அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். போல்ட்டுகளால் இறுக்கிக் கட்டப்பட்ட அலுமினிய ஹெட் விரிய இடமில்லாமல் வளைகிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அளவு வளைந்தாலே போதும், ஹெட்டுக்கு அடியில் இடைவெளியை அடைத்து நிற்கும் கேஸ்கெட் பிடிப்பு விடும். அதன் பிறகு சிலிண்டரின் புகை கூலன்ட்டுக்குள் போகும், கூலன்ட் சிலிண்டருக்குள் வரும். இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெண்புகையும் இனிப்பு வாசனையும் அதன் அடையாளம். ஆயில் மூடிக்கடியில் பால் போல ஏதாவது இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. ஆனால் குளிர்காலத்தில் குட்டிக் குட்டிப் பயணம் மட்டும் போகிற காரில் வெறும் ஈரமே அப்படிப் படியும். அதை மட்டும் வைத்து யாராவது ஹெட்டை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கூலன்ட் டேங்கின் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது. பெட்ரோல் காரில் எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். சில நிமிட வேலைதான். முதலில் அதைக் கேளுங்கள்.

கூலன்ட்டை மாற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிவிடும். மிகச் சிறிய அளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். சிந்தினால் உடனே கழுவுங்கள். வடித்ததை மூடியுள்ள கேனில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

அந்த இளைஞரின் காரில் ஹெட்டைக் கழற்றித் தள மட்டம் பார்த்து, கடைந்து, கேஸ்கெட்டும் பம்பும் புதிதாகப் போட்டோம். வண்டியை எடுத்துப் போகும்போது போனட்டைத் திறந்து, குளிர்ந்திருந்த டேங்கின் மேல் கூலன்ட் நிற்கும் மட்டத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிக் கொடுத்தேன். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், வாரம் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அதற்குக் கீழே இறங்கினால் எதையும் ஊற்றாமல் அப்படியே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். இதுவரை மூன்று படம் வந்திருக்கிறது. மூன்றிலும் கூலன்ட் தாளின் மட்டத்திலேயே நிற்கிறது. சும்மா காட்டத்தான் அனுப்பியிருக்கிறார்.