கரப்பந்தைக் கைப்பந்து ஆக்காதீர்கள்

போன மாதம் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தைத் தாண்டி வரும்போது ஒரு பதாகை கண்ணில் பட்டது. ‘மாபெரும் கைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி’. பக்கத்தில் படம்: வலைக்கு மேலே எம்பி அறைகிற ஒரு பெடியன். படம் கரப்பந்து, அதாவது வொலிபோல்; எழுத்து கைப்பந்து. இப்படிப் பார்ப்பது இது முதல் தடவை இல்லை, ஒலிபெருக்கியிலும் கேட்டாயிற்று, பாடசாலைக் கடிதத்திலும் கண்டாயிற்று. ஆனால் இந்த முறை அதனால் ஒரு காரியம் கெட்டது. திருக்கோவில் பக்கம் உடற்கல்வி படிப்பிக்கிற என் மச்சானுக்கு யாரோ அந்தச் செய்தியைப் படமில்லாமல் எழுத்தாக மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். அவன் எனக்குப் போன் எடுத்துக் கேட்டான்: “ஏழு பேர் இறங்கினா மறுகா எத்தனை பேரைக் கூட்டி வரலாம் மச்சான்? கோல் கம்பம் அங்க இருக்கா?”

அவன் பிள்ளைகளைப் பழக்குவது உண்மையான கைப்பந்து, ஹேண்ட்போல். இரண்டு கிழமையாகப் பின்னேரம் பின்னேரம் நின்று பயிற்சி எடுத்திருக்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். கரப்பந்தை 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் உருவாக்கியவர் வில்லியம் மோர்கன். நாலு வருசம் முந்தி, 1891-இல், பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைக் கொண்டுவந்திருந்தார். அது இளசுகளுக்குச் சரி, வேலை முடித்துவிட்டு வருகிற நடுத்தர வயதுக்காரருக்கு அந்த ஓட்டமும் மோதலும் கூடிப்போனது. மோர்கன் ஆறடி ஆறங்குல உயரத்தில் வலையைக் கட்டி இரண்டு பக்கத்தையும் பிரித்துவிட்டார். வைத்த பெயர் மிண்டொனெட். அடுத்த வருசம் ஸ்பிரிங்ஃபீல்டில் விளையாடிக் காட்டியபோது ஹால்ஸ்டெட் என்பவர், பந்து நிலத்தில் படாமல் அங்கும் இங்குமாகப் போய்வருவதைப் பார்த்து, வொலி போல் என்று சொல்லலாமே என்றார். 1952 வரை அமெரிக்காவில் அது இரண்டு சொல்லாகத்தான் எழுதப்பட்டது. வொலி என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது, பறத்தல் என்ற வினையடி. டென்னிசிலும் பந்து குத்தி எழும்ப முன்னர் அடிப்பதற்கு அதுதான் பெயர்.

ஆக, மூலப்பெயரில் கையும் இல்லை, வலையும் இல்லை. பந்தின் பறப்புத்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக்கு இது 1916-இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக வந்தது. 1991-இல் தேசிய விளையாட்டானது. வாய்ப்பேச்சில் இன்றைக்கும் வொலிபோல்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்திலும் பாடப்புத்தகத்திலும் கரப்பந்தாட்டம். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் சான்றிதழ் வாங்கினோம்.

இப்போது கரப்பந்தைக் கைப்பந்து என்று எழுதுபவர்கள் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம். முதலாவது, ‘கரம் வடசொல், கை நல்ல தமிழ்’. இதைச் சொல்பவர்கள் உடனே விபுலாநந்த அடிகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். காரைதீவில் பிறந்தவர், 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க வேலைக்குத் தலைமை தாங்கியவர், அவர் மண்ணில் நின்று வடசொல்லைத் தூக்கிப்பிடிக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கும் தமிழ்ச்சொல் மேல் ஆசைதான். ஆனால் கலைச்சொல்லின் முதல் கடமை ஒரு பொருளை இன்னொன்றோடு குழப்பாமல் காட்டுவது. கை என்ற நல்ல தமிழ்ச்சொல்லை வைத்துக் கட்டிய பெயர் ஏற்கெனவே வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது. அந்த விளையாட்டுக்கு அது அச்சொட்டாகப் பொருந்தவும் செய்கிறது: 40 மீற்றர் நீள மைதானம், பக்கத்துக்கு ஏழு பேர், பந்தைக் கையில் பிடிக்கலாம், மூன்று செக்கன் வைத்திருக்கலாம், மூன்று அடி எடுத்து வைக்கலாம். கரப்பந்தில் என்ன நடக்கும்? பந்து கையில் ஒரு கணம் தங்கினாலே நடுவர் விசில் ஊதிவிடுவார். கையில் நிற்கக்கூடாத பந்துக்குக் கைப்பந்து என்று பெயர் வைத்தால் பிள்ளைக்கு விதியை எப்படி விளங்கப்படுத்துவது?

‘கரமும் கைதானே?’ என்று திருப்பிக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அர்த்தத்தில் இரண்டும் ஒன்றுதான், 1990களின் நடுவிலிருந்து காலால்கூடப் பந்தை எடுக்கலாம் என்று விதி வந்த பிறகு இரண்டுமே கொஞ்சம் தள்ளித்தான் நிற்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் யாரும் ‘கரத்தைக் கழுவிப்போட்டு சாப்பிட வா’ என்று சொல்வதில்லை. அன்றாடப் பேச்சில் கரத்துக்கு வேலை குறைவு. அதனால்தான் கரப்பந்து என்றதும் வேறெதுவும் குறுக்கே வராமல் வலையும் ஆறு பேரும் கண் முன்னே வந்து நிற்கிறார்கள். பெயராக நிற்க அதுதான் வசதி. வேறெந்த விளையாட்டும் அந்தப் பெயருக்கு உரிமை கேட்கவும் இல்லை.

தூய தமிழ்தான் வேண்டும் என்றால் புதிதாக ஆக்குங்கள், இன்னொரு வீட்டுப் பெயரை எடுக்காதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ‘பறபந்து’ என்று சொல்லிப் பார்த்தார். வேருக்கு மிகக் கிட்ட நிற்கிற சொல், எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் பறப்பது எல்லாப் பந்தும்தான், பூப்பந்தும் பறக்கிறது. நிலத்தில் விழவிடாததுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று ‘விழாப்பந்து’ என இன்னொருவர் எழுதினார். வாசித்தவர்கள் கோயில் திருவிழாவுக்கு நடத்தும் போட்டி என்று நினைத்தார்கள்.

இரண்டாவது நியாயம், தமிழ்நாட்டில் பத்திரிகைகள் கைப்பந்து என்றுதானே எழுதுகின்றன என்பது. எழுதட்டும். அவர்கள் கால்பந்து என்பதை நாங்கள் உதைபந்து என்கிறோம், அதனால் ஒருவருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை, ஏனென்றால் இரண்டு பெயரும் காட்டுவது ஒரே விளையாட்டை. கைப்பந்து அப்படி இல்லை. ஒலிம்பிக் நேரம் ஒரே செய்தியறிக்கையில் இரண்டு விளையாட்டும் கைப்பந்தாக வரும்போது எந்த நாடு எதில் வென்றது என்று எப்படித் தெரியும்? எங்களிடம் பிரித்துக் காட்ட ஒரு சொல் கையில் இருக்கிறது. கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பு என்ன தருகிறதோ அதை அப்படியே வெட்டி ஒட்டுவதால் அந்தச் சொல்லை இழந்துகொண்டிருக்கிறோம். பதாகை அடித்த இடத்திலும் அதுதான் நடந்தது, ஆங்கிலத்தில் கொடுத்ததை இயந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

இன்னும் சிலர் வலை இருக்கிறதே என்று ‘வலைப்பந்து’ என்கிறார்கள். அது நெட்போல். சிங்களத்திலும் வலை, பந்து என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துத்தான் அதற்குப் பெயர். இலங்கை அணிக்காகத் தர்ஜினி சிவலிங்கம் கோல் போட்ட விளையாட்டின் பெயரை எங்கள் பிள்ளைகளுக்கு மாற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறோமா?

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு இருக்கிற கோபம் பெயரோடு மட்டும் நிற்கவில்லை. பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்குகிற சேவிஸைப் ‘பந்தைப் பரிமாறினார்’ என்று எழுதியிருந்ததை ஒரு இணையச் செய்தியில் வாசித்தேன். சோறா பரிமாறுவதற்கு? பாடப்புத்தகத்தில் பணித்தல் என்று அழகான சொல் இருக்கிறது, அது வேண்டாமென்றால் சேவிஸ் என்றே எழுதலாம், மைதானத்தில் நிற்கிற பெடியனுக்கு விளங்கும். மொழிபெயர்ப்பவர் ஒரு பின்னேரம் கிறவுண்டில் போய் நின்று காதைக் கொடுத்தாலே போதும், பாதிச் சொல் கிடைத்துவிடும்.

எழுத்திலும் ஒன்று. கரபந்து இல்லை, கரப்பந்து, ப் கட்டாயம் வேண்டும். என் மருமகள் ஒருநாள் கேட்டாள், “மாமா, வாவியில மீன் புடிக்கிற கரப்புக்கும் கரப்பந்துக்கும் என்ன சொந்தம்?” நல்ல கேள்வி என்று இருத்திவைத்துச் சொன்னேன்: கரப்பு தனிச்சொல், மீனை மூடிப் பிடிக்கிற கூடை. இது கரம் என்பதன் ம் போய், பந்தின் ப இரட்டித்து வந்தது. அவள் தாளில் இரண்டையும் பிரித்துப் பிரித்து எழுதிப் பார்த்தாள்.

பதாகை விசயம் ஏற்பாட்டுக்காரத் தம்பிமாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். போட்டிக்கு முதல்நாள் ‘கை’ மேலே வெள்ளைத்தாளில் ‘கர’ என்று எழுதி ஒட்டியிருந்தது. மச்சான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.