சுவரில் ஒரு வெள்வேல மரம்: ஃப்ராக்டல் அலங்காரத்தை அளந்து பார்ப்பது எப்படி?

“புது வீட்டு ஹால் சுவருக்கு ஃப்ராக்டல் டிசைன் போட்டா மன அழுத்தம் 60 சதவீதம் குறையும்னு இன்டீரியர்காரர் சொல்றாருங்க. இதுவும் இன்னொரு வாஸ்துதானுங்களா?” என்று பெருந்துறை வாசகர் ஒருவர் கேட்கிறார்.

வாஸ்து இல்லை. ஆனால் அந்த 60-ஐ அப்படியே விழுங்கவும் வேண்டாம். அது ஒரேகன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் டெய்லர் சொல்லும் உச்ச அளவு. ஆய்வகத்தில் மூளைக்கு வேலை கொடுத்து, தோலின் மின்கடத்தலை அளந்து வந்த எண். உங்கள் ஹாலில் ஒரு வருடம் குடியிருந்து பார்த்த எண் அல்ல.

காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலம்) தனியாக நிற்கும் வெள்வேல மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிளை எப்படிப் பிரிகிறதோ, ஏறத்தாழ அப்படியே அதன் சிறுகிளையும் பிரிகிறது, அதன் குச்சியும் பிரிகிறது. இப்படி அளவு மாறினாலும் சாயல் மாறாத வடிவத்துக்கு மாண்டல்பிராட் 1975-ல் வைத்த பெயர்தான் ஃப்ராக்டல். கோட்டின் பரிமாணம் 1, தளத்தின் பரிமாணம் 2. கிளைப் படம் இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும்: 1.1 என்றால் வெறிச்சென்று, 1.9 என்றால் ஒரே அடர்த்தி.

சுவாரசியம் இனிமேல்தான். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அதன் அகலம் சுமார் 2 டிகிரி. கண் கூர்மையாகப் பார்க்கும் பரப்பே அவ்வளவுதான், மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று முறை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. டெய்லர் குழு அந்தத் தாவல்களைப் பதிவு செய்தபோது பாதையே ஃப்ராக்டலாக இருந்தது, பரிமாணம் 1.5-ஐ ஒட்டி. கொறங்காட்டில் மாடு மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு திட்டில் நாலு கடி, இரண்டு எட்டு, மறுபடி கடி, பிறகு ஒரேயடியாகத் தூரத்துத் திட்டுக்கு நடை. குட்டித் தாவல்கள் ஏராளம், நெடுந்தாவல் எப்போதாவது. காட்டும் படத்தின் பரிமாணத்தை மாற்றினாலும் கண் தன் மேய்ச்சல் முறையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் அழகு. படமும் அதே மாதிரி பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடந்தால் எந்தத் தாவலும் வீணாவதில்லை, கண் உழைக்காமல் பார்க்கிறது என்பது டெய்லரின் விளக்கம். சுவீடனைச் சேர்ந்த ஹேகர்ஹால் அவரோடு சேர்ந்து 2008-ல் வெளியிட்ட மூளை அலை ஆய்வில், விழிப்போடு தளர்ந்திருக்கும்போது எழும் ஆல்ஃபா அலை 1.3 பரிமாணப் படத்துக்கு அதிகமாக வந்தது.

இதற்கு நேர் எதிர், ஒரே அகலக் கோடுகள். ஒரு டிகிரிக்குள் மூன்று கோடு-இடைவெளி ஜோடி வந்தால் கண்ணுக்கு மிகத் தொல்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் உடனே முகம் சுளிப்பார்கள், சிலருக்கு வலிப்பைக்கூடத் தூண்டும். 2 மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி என்பது 3.5 செ.மீ. அப்படியானால் 6 மி.மீ. கோடு, 6 மி.மீ. இடைவெளிதான் மோசமான அளவு. சோபாவுக்கு எதிரே அந்த அளவில் ரீப்பர் பேனல் (வரிசையாக மரப்பட்டிகள் அடித்த பலகை) அடித்துவிட்டு மூலையில் மணி பிளான்ட் வைப்பதில் பயனில்லை. பவானி ஜமக்காளத்தின் அகலப் பட்டைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

டிசைனுக்குப் பணம் கொடுக்குமுன் அளந்துவிடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக ஏ3 தாளில் அச்செடுத்து 4 செ.மீ. கட்டம் போடுங்கள். கறுப்பும் வெள்ளையும் இரண்டும் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணுங்கள். முழுக் கறுப்பைச் சேர்த்தால் அடிமரத்தின் பருமன் கணக்கைக் கெடுக்கும். பிறகு 2 செ.மீ., அடுத்து 1 செ.மீ. கட்டம். கட்டம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை 2.5 முதல் 2.8 மடங்கு ஏறினால் பரிமாணம் 1.3 முதல் 1.5 வரை. 60 கட்டம் 158 ஆனால் 2.63 மடங்கு, அதாவது 1.4. இரண்டு மடங்கை ஒட்டியே நின்றால் அது வெறும் கோட்டுப்படம். முதல் பாதியாக்கலில் 2.6 வந்து அடுத்ததில் 2.1-க்கு இறங்கினால் குச்சிகள் காணாமல் போயிருக்கின்றன.

காணாமல் போவது பெரும்பாலும் பட்டறையில். கோவையில் லேசர் கட்டிங்குக்கு இடம் தேட வேண்டியதில்லை. ஆனால் போட்டோவிலிருந்து எடுத்த கோட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கும், மெஷின் திக்கித் திக்கி ஓடும். ஆபரேட்டர் நேரம் மிச்சம் பிடிக்கச் சின்னக் கிளைகளை அழித்துவிடுவார். “புள்ளியைக் குறைங்க, கிளையை எடுக்காதீங்க” என்று முன்பே சொல்லிவிடுங்கள். 2 மி.மீ. இரும்புத் தகட்டில் 3 மி.மீ. குச்சிவரை நிற்கும். 4 அடிக்கு 3 அடித் தகடு சுமார் 17 கிலோ. பாதி வெட்டுப்பட்டாலும் எட்டு கிலோவுக்கு மேல் இருக்கும், ஆணியில் மாட்டாதீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் இதே நுணுக்கம் வராது: அதைக் குடையும் 3 மி.மீ. பிட் உட்புற மூலையை வளைவாகத்தான் விடும், மெல்லிய குச்சி துடைக்கும்போதே ஒடியும், ஈரம் பட்டால் உப்பும். கிளை நுனிகள் சட்டத்தையோ ஒன்றையொன்றோ தொட வேண்டும்.

தகட்டை மேற்கு ஜன்னலில் மாட்டினால் நிழலும் கிடைக்கும், ஒரு நிபந்தனையோடு. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகல வட்டு. ஆகவே தகட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு கிட்டத்தட்ட 2 செ.மீ. மங்கும், குச்சிகள் கரைந்து அடிமரம் மட்டும் மிஞ்சும். அரை மீட்டருக்குள் சுவரோ திண்ணையோ இருந்தால் மங்கல் அரை செ.மீ.தான், கிளைகள் தெரியும்.

திரைச்சீலை எடுப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. துணியில் அச்சிடும் உருளையான ரோட்டரி ஸ்க்ரீனின் சுற்றளவு வழக்கமாக 64 செ.மீ., ஆகவே 64 செ.மீ.க்கு ஒருமுறை அதே மரம் திரும்ப வரும். வால்பேப்பர் ரோல் 53 செ.மீ. அகலம். திரும்ப வருவது கண்ணில் பட்டதும் அது மரமல்ல, அணிவகுப்பு. கரூரிலும் திருப்பூரிலும் டிஜிட்டல் பிரிண்டில் கேட்டால் முழு நீளத்துக்கும் ஒரே படமாக ஓட்டலாம்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். இத்தனை பொறியியல் கல்லூரிகளும் துணி ஆலைகளும் உள்ள பகுதி நம் கொங்கு நாடு. தோல் மின்கடத்தலை அளக்கும் சென்சார் ஒன்றும் யானை விலை இல்லை. நம் வெயிலில், நம் வீடுகளில், நம் மரங்களை வைத்துச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன நிதி ஒதுக்கினால் போதும். அதை விட்டுவிட்டு யந்திரத் தகட்டையும் ‘பாசிட்டிவ் எனர்ஜி’ ஓவியத்தையும் ஈசான மூலையில் மாட்ட ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம்.

பெருந்துறை வாசகருக்குக் கடைசியாக ஒன்று. 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை முடிந்து, மரம் தெரியும் ஜன்னலோரம் படுத்த நோயாளிகள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடும் வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். மனையில் வேம்போ வெள்வேலமோ நின்றால் முதலில் அதை வெட்டாமல் ஹால் ஜன்னலை அந்தப் பக்கம் வையுங்கள். தகடு அதற்குப் பிறகு.