ஷ்டாட்ஸ்பிரெசிடென்ட்: மாநில முதல்வர்

நாஜிகளால் கொல்லப்பட்ட ஜெர்மன் அரசியல்வாதி ஆய்கென் போல்ட்ஸ் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் அவருடைய பதவிப் பெயர். தென்மேற்கு ஜெர்மனியில் இருந்த வூர்ட்டம்பெர்க்கில் 1928 முதல் 1933 வரை அவர் 'ஷ்டாட்ஸ்பிரெசிடென்ட்'. சொல்லைப் பிரித்துப் போட்டால் 'அரசுத் தலைவர்' என்று வரும். கொஞ்சம் மெருகேற்றினால் 'அதிபர்' ஆகிவிடும். இரண்டுமே வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

சொல்லின் இரண்டு பாதிகளும் லத்தீன் வழி வந்தவை. 'ஷ்டாட்' என்பதன் வேர் நிலை, நிற்றல் என்று பொருள்படும் 'ஸ்டாட்டுஸ்'. இன்றைய ஜெர்மனில் நாடு, அரசு ஆகிய இரண்டையும் அது குறிக்கும். கூட்டாட்சிக்குள் இருக்கும் உறுப்பு அரசையும் குறிக்கும். குழப்பமே இதில்தான். 'பிரெசிடென்ட்' என்பதற்கு முன்னால் அமர்பவர் என்பது மூலப்பொருள்; நாம் தலைமை தாங்குபவர் என்போம். ஜெர்மனில் இந்தச் சொல் நாட்டின் உச்சப் பதவிக்கு மட்டும் உரியது இல்லை. நீதிமன்றத் தலைவர், சட்டமன்ற அவைத்தலைவர், வட்டார நிர்வாகத் தலைவர் எல்லோருமே 'பிரெசிடென்ட்'தான். நம் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரைப் பிரசிடென்ட் என்று கூப்பிடுவதை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல்லின் வீச்சு பிடிபடும்.

சரி, இது ஏன் ஒரு மாநிலத் தலைமைக்குப் பெயரானது? வூர்ட்டம்பெர்க் 1918 வரை ஒரு மன்னராட்சி. மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று முடி துறந்தார். அதுவரை மன்னர் மேலே, அமைச்சரவைத் தலைவர் கீழே. மன்னர் போனதும் மேல்படி காலியாகிவிட்டது. அதை நிரப்பத் தனி ஆளை வைக்காமல் இரண்டு வேலைகளையும் ஒருவரிடமே கொடுத்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் வில்ஹெல்ம் பிளோஸ் அந்தப் பட்டத்தோடு முதலில் ஆண்டார். 1919 செப்டம்பரில் வந்த அரசமைப்பின்படி 'லான்ட்டாக்' எனும் சட்டமன்றம் ஷ்டாட்ஸ்பிரெசிடென்டைத் தேர்ந்தெடுக்கும். அவர் அமைச்சர்களை நியமிப்பார். நம்பிக்கை இழந்தால் போக வேண்டியதுதான். அண்டையிலிருந்த பாடனும் ஹெஸ்ஸனும் இதே பெயரை வைத்துக்கொண்டன. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி போன்றவற்றில் அதே வேலைக்கு 'மினிஸ்டர்பிரெசிடென்ட்' என்று பெயர். ஹாம்பர்க்கில் 'முதல் மேயர்'. எல்லாவற்றுக்கும் மேலே, பெர்லினில், ஹிண்டன்பர்க் அமர்ந்திருந்த 'ரைக்ஸ்பிரெசிடென்ட்' பதவி. குடியரசுத் தலைவர் என்று நாம் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

போல்ட்ஸின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தப் பதவியின் அளவு இன்னும் தெளிவாகத் தெரியும். 1881இல் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ரோட்டன்பூர்க்கில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தவர், சட்டம் படித்தவர். கத்தோலிக்கர்களின் மத்தியக் கட்சி சார்பில் 1912இலேயே நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கும் போனார். 1919இல் மாநில நீதியமைச்சர், 1923இல் உள்துறை அமைச்சர். சீர்திருத்தத் திருச்சபையினர் பெரும்பான்மையாக இருந்த வூர்ட்டம்பெர்க்கில் ஷ்டாட்ஸ்பிரெசிடென்ட் ஆன முதல் கத்தோலிக்கர் அவர்தான். அப்போதும் உள்துறையைக் கையிலிருந்து விடவில்லை. ஒழுங்கு, திருச்சபை, சிக்கனமான நிர்வாகம் என்று நிற்கும் பழமைவாதி. நாடாளுமன்றத்தால் நாட்டின் பெரிய சிக்கல்களைத் தீர்க்க முடியுமா என்ற ஐயம் அவருக்கே இருந்தது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. பிற்காலத்துத் தியாகம் முன்காலத்துத் தயக்கங்களை அழித்துவிடாது.

1932 ஏப்ரல் தேர்தலில் 80 இடங்களில் 23ஐப் பிடித்து நாஜிக் கட்சி முதலிடத்துக்கு வந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. புதிய அரசைத் தேர்ந்தெடுக்க முடியாததால் போல்ட்ஸ் காபந்து அரசை நடத்திக்கொண்டிருந்தார். 1933 பிப்ரவரி 15 அன்று ஹிட்லர் ஸ்டுட்கார்ட் நகர மண்டபத்தில் பேச வந்தார். போல்ட்ஸையும் அவர் கட்சியையும் தாக்கிய பேச்சு அது. வானொலியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. கம்யூனிஸ்ட் இளைஞர்கள் சிலர் ஒலிபரப்புக் கம்பியைக் கோடரியால் வெட்டிவிட, பேச்சு பாதியில் அறுந்தது.

மூன்று வாரத்தில் ஆட்டம் முடிந்தது. மார்ச் 5 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு பெர்லின் உள்துறை வூர்ட்டம்பெர்க் காவல்துறையைத் தன் ஆணையர் ஒருவரிடம் ஒப்படைத்தது. பத்தாண்டு உள்துறையை நடத்தியவரிடம் ஒரு காவலர்கூட மிஞ்சவில்லை. மார்ச் 15இல் வில்ஹெல்ம் முர் என்ற நாஜி அதே ஷ்டாட்ஸ்பிரெசிடென்ட் பட்டத்தோடு பதவியேற்றார். போல்ட்ஸை 'அதிபர்' என்று எழுதியிருந்தால், ஒரு நாட்டின் அதிபரை இன்னொரு ஊர் உத்தரவு எப்படி இறக்கியது என்று வாசகர் விழிப்பார். மாநிலத்தை ஆண்டவர் என்று தெரிந்தால், மத்திய அரசு மாநில உரிமையை விழுங்கிய கதை இது என்பது உடனே விளங்கும். ஹிட்லருக்கு முழு அதிகாரம் அளித்த மார்ச் 23 சட்டத்துக்குக் கட்சிக் கட்டுப்பாட்டின்படி போல்ட்ஸும் ஆதரவாக வாக்களித்தார் என்பது இந்தக் கதையின் கசப்பான பக்கம்.

ஜூன் 19 அன்று அவரை விசாரணைக்கு அழைத்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் அரசியல் காவல்துறையின் இருப்பிடமான 'ஹோட்டல் சில்பர்' வாசலில் ஆட்களைத் திரட்டி அவரை ஏச வைத்தார்கள். அப்புறம் ஹோஹென்ஆஸ்பெர்க் கோட்டைச் சிறை. சில வாரங்களில் விடுதலை. அதற்குப் பிறகு அரசியலில் அவருக்கு இடமே இல்லை. போர்க்காலத்தில் லைப்சிக்கின் முன்னாள் மேயர் கார்ல் கோர்டெலரின் ஹிட்லர் எதிர்ப்பு வட்டத்தோடு சேர்ந்தார். ஹிட்லர் வீழ்ந்தபின் அமையவிருந்த அரசில் கல்வி, பண்பாட்டு அமைச்சர் பொறுப்பு அவருக்கென்று பேசப்பட்டது. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. ஆகஸ்டில் கைது, டிசம்பரில் நாஜிகளின் 'மக்கள் நீதிமன்ற'த்தில் மரண தண்டனை, 1945 ஜனவரி 23 அன்று பெர்லினின் பிளோட்சன்ஸே சிறையில் தலை வெட்டப்பட்டது.

பட்டமும் நாஜி ஆட்சியில் நிலைக்கவில்லை. 1933 மே மாதத்திலேயே முர் பெர்லின் நியமித்த வூர்ட்டம்பெர்க் ஆளுநராக, மாநில அரசை நடத்த வந்தவர் மினிஸ்டர்பிரெசிடென்ட் ஆனார்.

இனி தமிழ்ச் சொல். 'மாநிலத் தலைவர்' என்பது நேர்ப் பெயர்ப்பு போலத் தெரியும். ஆனால் நம் செய்தித்தாள் வழக்கில் அது ஒரு கட்சியின் மாநிலக் கிளைக்குத் தலைவர். 'முதலமைச்சர்' பெரிதும் பொருந்துகிறது, ஆனால் அமைச்சர்களில் முதலானவர் என்பதோடு நிற்கிறது; வூர்ட்டம்பெர்க்கில் அவருக்கு மேலே ஆளுநர் இல்லை. பெயர் மாறுவதொன்றும் அதிசயமில்லை: 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியும் முதலமைச்சர் அல்ல, பிரதமர். என் தேர்வு 'மாநில முதல்வர்'. அமைச்சரவைத் தலைமை, அரசின் முதல் ஆள் என்ற இரண்டையும் 'முதல்வர்' தாங்கும். 'மாநில' என்ற முன்னொட்டு எல்லையைக் காட்டிவிடும். மினிஸ்டர்பிரெசிடென்டுக்கு 'முதலமைச்சர்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

போருக்குப் பிறகு 1947 முதல் 1952 வரை தெற்கே வூர்ட்டம்பெர்க்-ஹோஹென்ட்சோலர்னிலும் பாடனிலும் இதே பட்டம் திரும்ப வந்தது. ட்யூபிங்கனில் கெப்ஹார்ட் முல்லரும் ஃபிரைபூர்க்கில் லியோ வோலெப்பும் அதைத் தாங்கினார்கள். அவர்களுக்கும் 'மாநில முதல்வர்' சரியாக அமையும். பிரெஞ்சு, போலந்துத் தலைவர்களை இன்றைய ஜெர்மன் செய்திகள் ஷ்டாட்ஸ்பிரெசிடென்ட் என்று குறிப்பிடும்போது மட்டும் 'அதிபர்' அல்லது 'குடியரசுத் தலைவர்' என்று எழுத வேண்டும்.