உவர்விரும்பி

உப்பளத்தின் கடைசிப் பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு படியும் நேரத்தில், அந்த நீர் சில சமயம் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் உப்புடையது அல்ல, உப்புக்குள் வாழும் உயிர்களுடையது. அவற்றைத்தான் அறிவியலில் 'ஹாலோஃபைல்' என்கிறார்கள்.

கிரேக்கத்தில் 'ஹால்ஸ்' என்றால் உப்பு. கவிதையில் கடலையும் அதே சொல்லால் குறிப்பார்கள். 'ஃபிலோஸ்' என்றால் விருப்பமுள்ளது. குளோரின் வகைத் தனிமங்களைக் குறிக்கும் 'ஹாலோஜன்' என்ற பெயரிலும் இருப்பது இதே உப்புதான். தமிழில் அதை 'உப்பீனி' என்று அழகாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒளிவட்டத்தைக் குறிக்கும் 'ஹாலோ' வேறு சொல். அதன் வேர் கதிரடிக்கும் வட்டக் களம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'உப்புவிரும்பி' எனலாம், தவறில்லை. 'உப்புநாடி' என்றால் கையில் பிடித்துப் பார்க்கும் நாடி குறுக்கே வந்துவிடுகிறது. என் மனம் நிற்பது 'உவர்விரும்பி' என்ற சொல்லில்தான். உப்பு என்பது பாத்தியிலிருந்து வாரி எடுத்து வீட்டுக்கு வரும் பொருள். உவர் என்பது மண்ணின், நீரின் தன்மை: உவர்நிலம், உவர்மண், உவர்நீர். இந்த உயிர்கள் வாழ்வது அந்தத் தன்மைக்குள். சாக்கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீரில் நம் சமையலுப்பைவிட மக்னீசிய உப்புகளே மேலோங்கி நிற்கின்றன. அங்கும் உயிர் உண்டு என்று நுண்ணுயிரியலாளர் பெஞ்சமின் எலாசாரி வோல்கானி 1936இல் எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய 'ஹாலோஃபெராக்ஸ் வோல்கானி' என்ற நுண்ணுயிரைச் சமையலறை உப்போடு மட்டும் கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய தமிழில் 'உவர்த்தல்' என்றால் வெறுத்தல் என்றும் பொருள். பிற உயிர்கள் வெறுத்து ஒதுங்கும் இடத்தை விரும்பிப் போகிற உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

'விரும்பி' என்பதுகூடச் சிலவற்றுக்குக் குறைவுதான். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். நடுத்தர உவர்விரும்பிகள் 3 முதல் 15 சதவீத உப்பில் செழிக்கும், தீவிரமானவை 15 முதல் 30 வரை. 'ஹாலோபாக்டீரியம் சலினாரம்' என்ற தீவிர வகையை நல்ல தண்ணீரில் போட்டால் செல் வெடித்துச் சிதறிவிடும். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் அது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு. மாறாக, நம் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா 10 சதவீத உப்பிலும் வளரும், ஆனால் அதற்கு உப்பு தேவையில்லை. அதை 'உவர்தாங்கி' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்புறம், இந்த உயிர்களோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் 'எக்ஸோபாலிசாக்கரைடு'. 'எக்ஸோ' வெளியே, 'பாலி' பல. 'சாக்கரைடு' நம் பக்கத்துச் சொல்தான். வடமொழியில் 'சர்க்கரா' என்றால் முதலில் பரல், சரளைக்கல். பிறகு பரல் பரலாக இருக்கும் இனிப்பு. அது கிரேக்கத்துக்குப் போய் 'சாக்கரோன்' ஆனது, நமக்கு வந்து சர்க்கரை ஆனது. ஆகவே 'பல்சர்க்கரை' என்பது வேரோடு ஒத்துப்போகும் தமிழாக்கம். உயிரி தன் உடலுக்கு வெளியே சுரப்பதால் 'புறப் பல்சர்க்கரை'. ஆனால் பேச்சில் சொல்ல இன்னும் எளிய சொல் நம்மிடம் இருக்கிறது: பிசின். பாதாம் பிசினும் கருவேலம் பிசினும் பெரும்பாலும் பல்சர்க்கரைதான். மரம் கசியவிடுவதை இங்கே நுண்ணுயிர் கசியவிடுகிறது. அந்த வழவழப்பான உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், பரப்பில் ஒட்டிக்கொள்ளவும் உதவும்.

துருக்கியில் இஸ்மீர் நகருக்கு அருகே சமால்ட்டி உப்பளம் இருக்கிறது. அங்கே கிடைத்த பாக்டீரியா 'ஹாலோமோனாஸ் ஸ்மிர்னென்சிஸ்'. ஸ்மிர்னா என்பது இஸ்மீரின் பழைய பெயர். இது சர்க்கரையை உடைத்து, அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையை மட்டும் கோத்து 'லெவான்' என்ற பிசினைச் செய்கிறது. ஃபிரக்டோஸ் ஒளியை இடப்பக்கம் திருப்பும் என்பதால் அதற்கு லெவுலோஸ் என்று முன்பு பெயர். லத்தீனில் 'லேவுஸ்' என்றால் இடது. லெவான் அதிலிருந்து வந்தது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலேயே இதை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மொராக்கோ உப்பளத்தின் 'ஹாலோமோனாஸ் மௌரா' தருவது 'மௌரான்'. கந்தகம் கலந்த சல்ஃபேட் தொகுதிகள் கொண்ட இந்தப் பிசின் நீரைக் கெட்டியாக்கும், ஈயம் போன்ற உலோகங்களையும் பற்றிக்கொள்ளும்.

தொழிலுக்கு இவை பிடிப்பதற்குக் காரணம் ஊறுகாய் ஜாடிக்குத் தெரியும். அவ்வளவு உப்பில் வேறு கிருமி எளிதில் நுழையாது, இவற்றை வளர்க்கும் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் செலவு குறைகிறது. அதே உப்பு இரும்புத் தொட்டியை அரிக்கவும் செய்யும், கடைசியில் மிஞ்சும் உவர்நீரை எங்கே விடுவது என்பதும் பெரிய கேள்வி. அதனால்தான் குறைந்த உப்பிலேயே நிறையப் பிசின் தரும் நடுத்தர உவர்விரும்பிகள் மீது ஆய்வாளர்களுக்கு இவ்வளவு கண்.