தரம் ஒன்று அனுமதிக் கோப்பு கணினிக்குள் போகும்போது

மலையகத்தில் பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்க்கப் பெற்றோர் கொண்டுவரும் தாள்களை நிதானமாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? பழைய படிவத்திலுள்ள பிறப்புச் சான்றிதழில் பெயரும் பிறந்த திகதியும் மட்டுமல்ல, தாய் தந்தையின் இனமும், அவர்கள் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கான பதிலும் இருக்கும். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் எந்த ஆண்டில், எந்த இடத்தில் என்றும் ஒரு கட்டம் கேட்கும். 'தகப்பன், இல்லையேல் பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததைக் காட்டு' என்று கேட்டு மலையகத் தமிழரில் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வராமல் போகாது.

லயன் வீட்டுக்கு உறுதி கிடையாது. ஆகவே கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் தோட்ட அலுவலகக் கடிதமும் சேரும். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டுப்பணியில் இருந்தால், அம்மாயியைப் பாதுகாவலராகக் காட்டும் கடிதம் ஒன்று. வலிப்பு, ஆஸ்துமா இருந்தால் வைத்தியசாலைத் துண்டு. இவை அதிபர் அறை அலுமாரியில் இருந்தவரை, படிக்க விரும்பும் ஆள் அந்த அறைக்குள் வந்தாக வேண்டும். பாடசாலை முகாமைத்துவ மென்பொருளில் ஏற்றியபின் அந்த அவசியம் இல்லை. இனி யாரைத் தடுப்பது என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது.

அது எப்படித் தீர்மானிக்கிறது? மாணவரின் பெயர், வகுப்பு, புள்ளிகள் ஆகியவை தரவுத்தளத்தில் ஒரு வரியாகப் பதிவாகின்றன. ஸ்கேன் செய்த சான்றிதழ் தனிக் கோப்பாக வேறிடத்தில் கிடக்கும். இரண்டையும் கட்டிவைப்பது ஓர் எண். வகுப்பாசிரியர் திரையில் 'சான்றிதழைப் பார்' என்பதை அழுத்தும்போது, 'கோப்பு 4127 ஐத் தா' என்ற கோரிக்கை, கோப்புகளை வைத்திருந்து கேட்பவருக்குத் தரும் கணினியான வழங்கிக்கு (server) போகிறது. அப்போது வழங்கி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, நீங்கள் யார்? கடவுச்சொல் அதற்குப் பதில் சொல்லிவிடும். இரண்டாவது, இந்தக் கோப்பைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா? அவசரத்தில் எழுதப்பட்ட மென்பொருள்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

விட்டுவிட்டால், தன் பிள்ளையின் கோப்பைத் திறந்த பெற்றோர் ஒருவர் முகவரியில் 4127 ஐ 4128 என்று மாற்றினால் போதும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சான்றிதழ் திறக்கும். இது கற்பனை அல்ல. 2019 மே மாதம் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நிறுவனத்தின் தளத்தில், சுமார் 88.5 கோடி வீட்டுக்கடன் ஆவணப் பதிவுகள் இவ்வாறே எண்ணை மாற்றிப் பார்க்கும் நிலையில் இருந்தது தெரியவந்தது. அங்கே முதல் கேள்விகூடக் கேட்கப்படவில்லை. இணையத்தளப் பலவீனங்களை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் பிடித்ததும் இந்த வகைத் தவறுதான்.

வரிசை எண்ணுக்குப் பதிலாக ஊகிக்க முடியாத நீண்ட எண்ணைக் கொடுத்தால் தீராதா என்று கேட்கலாம். வழக்கமாகப் பயன்படும் வடிவத்தில் 122 இருமங்கள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) எழுந்தமானமானவை. எழுதினால் 37 இலக்கம் வரும் அளவுக்குச் சேர்க்கைகள். ஊகிப்பது நடக்காத காரியம். ஆனால் அந்த முகவரியை ஒருவர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிவிட்டால், அது எல்லோருக்கும் திறக்கும். நல்ல மென்பொருள் ஒவ்வொரு தடவையும் உரிமையைச் சோதித்துவிட்டு, சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் முகவரியைத் தருகிறது. கோப்பின் பெயர், முடியும் நேரம், தனக்கு மட்டும் தெரிந்த இரகசியச் சாவி மூன்றையும் சேர்த்து ஒரு கையொப்ப எண்ணைக் கணித்து முகவரியோடு ஒட்டிவிடும். திரும்பி வரும்போது மீண்டும் கணித்துப் பார்க்கும். நேரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஹட்டனில் ஏறித் தலவாக்கலையில் இறங்க எடுத்த பஸ் டிக்கெட் மாதிரி, அந்தப் பயணத்தோடு அதன் வேலை முடிந்துவிடும்.

விற்பனைக்கு வருபவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. 'எல்லாம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது' என்பார்கள்; சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நல்லதுதான். வழங்கியின் வன்வட்டைக் கழற்றிக் கொண்டுபோகிறவனுக்கு அது குப்பையாகத் தெரியும். ஆனால் உள்ளே நுழைந்து முறையாகக் கேட்பவருக்கு வழங்கியே மறைகுறியை நீக்கிக் கொடுத்துவிடும். 2024 டிசம்பரில் வட அமெரிக்காவின் பெரிய பாடசாலை மென்பொருள் நிறுவனமான பவர்ஸ்கூலில் நடந்த களவுக்கு எந்தக் கணிதப் பூட்டையும் உடைக்கத் தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் உதவித் தளத்துக்கான கடவுச்சொல் ஒன்று களவுபோயிருந்தது, அவ்வளவுதான். ஆறு கோடிக்கு மேற்பட்ட மாணவரின் விவரங்கள் பறிபோயின என்று அமெரிக்க அரச வழக்குத் தரப்பு கூறியது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் 19 வயது மாணவர். ஆசிரியர் அறைக்கே ஒரு கடவுச்சொல் என்று வைத்திருக்கும் பாடசாலைகள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்று மென்பொருள் எழுதிவைக்கும் குறிப்பும் பயனற்றுப் போகிறது. எல்லா வரியிலும் ஒரே பெயர்தான் இருக்கும்.

மூலக் கோப்பைக் காத்துவிட்டாலும் அதன் நிழல்கள் மிச்சம். பட்டியலில் சின்னதாகக் காட்ட மென்பொருள் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு குறும்படத்தைத் தயாரித்து வேறிடத்தில் வைக்கும். தேடுவதற்காகத் தாளிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து இன்னோரிடத்தில் வைக்கும். மூலத்துக்குப் போட்ட பூட்டு இவற்றுக்கும் போடப்பட்டதா என்று பலர் பார்ப்பதில்லை. தொலைபேசியில் எடுத்த படமென்றால், இடப்பதிவு இயங்கும் நிலையில், எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் செய்தால், அந்தக் கடைக் கணினியில் தங்கிவிடும் பிரதி வேறு.

அடையாள அட்டை எண் தனிக் கதை. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் மாணவர்கள் பாடசாலை வழியாகவே அட்டைக்கு விண்ணப்பிப்பதால், அந்த எண்ணும் மென்பொருளுக்குள் வருகிறது. 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்ணென்றால் அதோடு 500 கூடும். 2009563 என்று தொடங்கினால், 2009 மார்ச் 3 இல் பிறந்த பெண். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்பது அந்தக் கணக்கின் வழக்கம்.

இந்த எண்ணை ஒருவழிச் சுருக்கமாக (hash, அதாவது கணக்கிட்டுப் பெறும் வேறொரு எழுத்துத் தொடராக) மாற்றி வைத்தால் மறைந்துவிடும் என்று சில மென்பொருளாளர்கள் நம்புகிறார்கள். சுருக்கத்திலிருந்து எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஓர் ஆண்டில் பிறந்தவர்களுக்கு உள்ள சாத்தியங்கள் எத்தனை? 366 நாள், இரு பால், மிச்சம் ஐந்து இலக்கம்: மொத்தம் 7.32 கோடி. அத்தனையையும் வரிசையாகச் சுருக்கி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணக் கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். இரகசியச் சாவி கலந்து சுருக்கினால்தான் இந்த வழி அடைபடும்.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பதும் அப்படித்தான். அஞ்சல் குறியீடு, பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கரில் 87 வீதத்தினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிவியல் ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000 ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். பதினைந்து பிள்ளைகள் உள்ள தோட்டப் பாடசாலை வகுப்பில் மூன்றும் தேவையில்லை. 'தாய் வெளிநாட்டில், கண்ணாடி அணிபவர்' என்றால் தோட்டத்தில் யாருக்கும் ஆள் தெரிந்துவிடும். உதவித் திட்டங்களுக்காக வெளியே அனுப்பும் பெயரில்லாப் பட்டியல்கள், கொழும்புப் பெரிய பாடசாலையை விட மஸ்கெலியாவின் சிறிய பாடசாலையிலேயே அதிகம் காட்டிக்கொடுக்கும்.

இத்தனைக்கும் எளிய தீர்வாக எனக்குப் படுவது, பல தாள்களை ஏற்றாமலே விடுவதுதான். அனுமதி நாளில் மூலச் சான்றிதழைப் பார்த்து, 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு குறியும் திகதியும் பார்த்தவரின் பெயரும் இட்டால் பாடசாலைக்கு அதன் தேவை முடிகிறது. பாட்டன் எங்கே பிறந்தார் என்பது தவணைப் பரீட்சைப் புள்ளி போடும் மென்பொருளுக்கு எதற்கு? வலிப்பு பற்றிய குறிப்பு வகுப்பாசிரியருக்குத் தேவை, வைத்தியசாலைத் துண்டின் படம் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளின் தரவை உடல்நலத் தரவோடு சேர்த்து விசேட வகைக்குள் வைத்திருக்கிறது.

ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மென்பொருளைக் காட்ட வருபவரிடம் அதிபர்கள் ஒன்று கேட்கலாம்: விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போன பிள்ளையின் சான்றிதழை இன்று அழித்தால், குறும்படமும் தேடற்பதிவும் காப்புப் பிரதியும் உட்படக் கடைசிப் பிரதி எந்த நாளில் அழியும்? பதில் நாட்கணக்கில் வர வேண்டும். 'எல்லாம் கிளவுட்டில் பத்திரமாக இருக்கிறது' என்றால், அவர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.