நுவரெலியாவுல மயக்க மருந்து: டயல்ல உள்ள நம்பரும் காத்தோட அழுத்தமும்

பெரிய ஆபரேஷன்னா ஒரு ஊசியோட ஆள் தூங்கிடும்னு நம்ம ஆக்கள் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா மணிக்கணக்கா தூக்கத்துல வச்சிருக்கிறது பெரும்பாலும் மூச்சோட உள்ள போற ஆவிதான், அந்த ஆவிக்கு மலையும் கீழ்நாடும் ஒண்ணில்ல.

கொழும்புல காத்தோட அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 1868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியாவுல சுமார் 610. ஒக்சிஜன் ரெண்டு ஊர்லயும் 21 சதவீதம்தான், ஆனா கலவையில ஒவ்வொரு வாயுவும் தன் சதவீதத்துக்கு ஏத்த அழுத்தத்த (பங்கழுத்தம்) குடுக்கும்ங்கிற டால்டன் விதிப்படி பாத்தா கொழும்புல 160 இருக்கிற ஒக்சிஜனோட பங்கழுத்தம் இங்க நுவரெலியாவுல 128. உடம்புக்கு சதவீதம் கணக்கில்ல, இந்த பங்கழுத்தம்தான் கணக்கு. மயக்க ஆவிக்கும் அதேதான்.

செவோஃப்ளூரேன்ங்கிற மயக்க மருந்த எடுத்துக்குங்க. திரவ மருந்த ஆவியாக்கி மூச்சுக்காத்தோட கலக்குற வேப்பரைசருக்குள்ள போற காத்து அந்த திரவத்துக்கு மேலால போய் ஆவிய அள்ளிட்டு வருது. 20 டிகிரியில அந்த ஆவியோட அழுத்தம் சுமார் 160, அது திரவத்தோட சூட்ட மட்டும் பொறுத்தது, எந்த ஊர்னு பாக்காது. மொத்த அழுத்தம் குறைஞ்ச இங்க அந்த 160 பெரிய பங்காகிடுது, அதனால வேப்பரைசர் டயல 2 சதவீதத்துல வச்சா இங்க 2.6 சதவீதம் கிட்ட வெளிய வரும், கேக்க பயமா இருந்தாலும் 610ல 2.6 சதவீதம்னா 16 மில்லிமீட்டர், கொழும்புல 2 சதவீதம்னா 15, ஆக நோயாளிக்கு போற மயக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், மெஷின் தன்னால சரி பண்ணிக்கிது.

டெஸ்ஃப்ளூரேன்ங்கிற இன்னொரு மயக்க மருந்து அப்படி இல்ல. அது 23 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால அதோட வேப்பரைசர் மருந்த 39 டிகிரிக்கு சூடாக்கி, டயல்ல உள்ள சதவீதத்த அப்படியே அனுப்பும். 6 சதவீதம் கொழும்புல 46 மில்லிமீட்டர், இங்க 37தான். அதே மயக்கம் வேணும்னா 7.5 வரைக்கும் கூட்டணும். கூட்டாம விட்டா, தசைய தளர்த்துற மருந்தும் போட்டிருந்தா, ஆளுக்கு நினைவு வந்தாலும் விரல கூட அசைச்சு காட்ட ஏலாது. இத விட மோசமான நிலை ஒண்ண என்னால யோசிக்க முடியல.

அடுத்தது அம்புலன்ஸ். தொண்டைக்குள்ள குழாய் போட்ட நோயாளிய றம்பொட வழியா கண்டிக்கு இறக்குறப்போ வெளி அழுத்தம் 715 வரைக்கும் ஏறும். குழாய சுத்தி இருக்கிற கஃப் காத்தடைச்ச சின்ன பலூன், கொழும்புல அடைச்ச சிப்ஸ் பக்கெட் இங்க கடையில உப்பிக்கிட்டு தொங்குதே, அதுக்கு நேர்மாறா இது, வெளி அழுத்தம் கூடினா வாயு சுருங்கும்ங்கிற பாயில் விதிப்படி சுருங்கும், ஓரத்தால காத்து கசியும், எச்சிலும் சளியும் நுரையீரலுக்கு இறங்கும். அதனால பாதி வழியில ஒருக்காவும் கண்டியில ஒருக்காவும் கஃப் அழுத்தம் 20க்கும் 30 சென்டிமீட்டர் தண்ணிக்கும் இடையில நிக்குதான்னு மீட்டர் வச்சு பாக்கணும், குறைஞ்சிருந்தா கொஞ்சம் காத்து ஏத்தணும்.