சத்தமில்லாத செயின்: பேட்டரி மரம் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு

போன மாதம் ஒருவர் மஞ்சப்பையில் மினி செயின்சா ஒன்றைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். இடது கையில் பெரிய கட்டு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலுமாகப் பதினொரு தையல். மிஷினை வாங்கிப் பார்த்தேன். டிரிகருக்கு மேலே இருக்கும் லாக் பட்டன், எப்போதும் அமுங்கியே இருக்கும்படி கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் நான்கு சுற்று சுற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பட்டனையும் டிரிகரையும் சேர்த்து அமுக்குவது சிரமமாக இருந்ததாம். பூவரசங்கிளை அறுக்கும்போது பட்டை நார் செயினில் சுற்றிக்கொண்டது. வலது கையில் பிடியை வைத்துக்கொண்டே இடது கையால் நாரை இழுத்திருக்கிறார். இழுத்த வேகத்தில் வலது கை இறுகி, விரல் டிரிகரை அமுக்கிவிட்டது.

"சத்தமே இல்லையேண்ணே. ஆஃப் ஆயிடுச்சுன்னுதானே கை வச்சேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் விவசாயக் கருவிகள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு மரம் அறுக்கும் மிஷின் வந்துவிட்டது. அப்போது எல்லாம் பெட்ரோல் மிஷின். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், செயின் ஓடாமல் நின்றாலும் உறுமிக்கொண்டே இருக்கும், புகை வரும். உயிரோடு இருக்கிறது என்று அது நம் காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். பேட்டரி மிஷின் அப்படி எதுவும் சொல்லாது. மேசையில் பொம்மை மாதிரி கிடக்கும். தொட்ட கணமே முழு பலத்தோடு ஓடும், ஏனென்றால் மின்மோட்டாருக்கு வேகம் எடுத்த பிறகுதான் பலம் என்பது கிடையாது. பெரிய பேட்டரி செயின்சாவில் செயின் நொடிக்கு 20 மீட்டர்கூட ஓடும். கணக்குப் போட்டால் மணிக்கு 72 கிலோமீட்டர்.

அதனால் பேட்டரியைக் கழற்றாமல் செயின் பக்கம் கை போகவே கூடாது. நார் எடுக்க, செயின் இறுக்க, அரம் போட, துடைக்க, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடக்க, எல்லாவற்றுக்கும் இதுதான். லாக் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. லாக் என்பது மரத்தூள் அடைத்தால் சிக்கிக்கொள்ளும் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. பேட்டரி உங்கள் கையில் இருந்தால் மிஷின் ஓட வழியே இல்லை.

அடுத்த ஆபத்து உதைப்பு. பார் என்கிறோமே, செயின் சுற்றி ஓடும் அந்த இரும்புப் பட்டை, அதன் நுனியின் மேல் பாதி எதன் மீதாவது பட்டால் மிஷின் கண் இமைக்கும் முன் மேல்நோக்கி எகிறி நம் முகத்துக்கு வரும். பலம் காட்டிப் பிடித்து நிறுத்த முடியாது. நல்ல மிஷினில் முன்பிடிக்கு முன்னால் ஒரு கைக்காப்பு இருக்கும். மிஷின் எகிறும்போது அது தள்ளப்பட்டு பிரேக் விழுந்துவிடும். தினமும் வேலையைத் தொடங்கும் முன் அதை முன்னுக்குத் தள்ளி, செயின் ஓடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். முன்பிடியைப் பிடிக்கும் இடது கையின் கட்டைவிரல் பிடிக்கு அடியில் சுற்றி வர வேண்டும். நிறைய பேர் கட்டைவிரலை மேலே வைத்துத்தான் பிடிக்கிறார்கள். உதைத்தால் கை நழுவிவிடும். தலையைப் பாருக்கு நேர்கோட்டில் வைக்காமல் உடம்பைக் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுக்கி நில்லுங்கள். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்றும் அறுக்கக் கூடாது.

நாலு அங்குலம், ஆறு அங்குலம் மினி மிஷின்களில் பெரும்பாலும் இந்தப் பிரேக் கிடையாது. பாருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு மட்டும் மறைப்பாக இருக்கும். அதையும் இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிட்டு வருகிறார்கள். ஒரு கையால் மிஷின், மறு கையால் கிளை என்று பிடித்து அறுக்கும்போதுதான் விரல் போகிறது. கிளையைத் தரையில் வைத்து அழுத்துங்கள், அல்லது கயிற்றால் கட்டுங்கள். கையை மட்டும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

லுங்கியும் தோள் துண்டும் நம் ஊர் வேலை உடை, எனக்கும் அதுதான். ஆனால் செயின் முன்னால் வேண்டாம். துண்டின் நுனி ஒரு தடவை மாட்டினால் போதும், கழுத்தோடு இழுக்கும். இறுக்கமான பேன்ட், மூடிய ஷூ, கண்ணாடி இவை குறைந்தபட்சம். செயின்சாவுக்கென்றே விற்கும் கால்காப்பு நல்லதுதான். உள்ளே இருக்கும் நூல் பல்சக்கரத்தில் சிக்கி செயினை நிறுத்தும். ஆனால் மின்மோட்டாரின் இழுவை வேறு மாதிரி என்பதால், பெட்ரோல் மிஷினை நிறுத்துவது போல இதையும் நிறுத்தும் என்று நம்பிக் காலை நீட்டாதீர்கள்.

புயலில் தூரோடு சாய்ந்த மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கஜாவுக்குப் பிறகு ஒரு தோப்பில் சாய்ந்து கிடந்த மாமரத்தை அடியில் அறுத்தோம். பாரம் போனதும், மண்ணோடு நிமிர்ந்து நின்ற வேர்த்தூர் அப்படியே பழைய குழிக்குள் திரும்பி விழுந்தது. அந்தக் குழியில் ஐந்து நிமிடம் முன்புதான் ஒரு பையன் நின்றிருந்தான். இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. வளைந்து கிடக்கும் கிளை வில் மாதிரி. அமுங்கியிருக்கும் பக்கத்தில் முதலில் கொஞ்சமாக அறுத்து, பிறகு இழுபட்டிருக்கும் பக்கத்தில் அறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கிளை பிளந்து அடிக்கும், இல்லையென்றால் பார் நசுங்கி மாட்டிக்கொள்ளும். மின்கம்பி மேலே கிடந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி அவர்கள் வந்த பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும்.

இனி பராமரிப்பு. பேட்டரி மிஷின்தானே, ஆயில் எதற்கு என்று கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். மோட்டார் எதுவானாலும் செயின் இரும்பின் மேல்தான் உரசி ஓடுகிறது. பார் ஆயில் இல்லாமல் ஓட்டிய பார் நீலம் பாய்ந்து வரும், அப்புறம் மாற்றத்தான் வேண்டும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, நுனியை ஒரு பழைய அட்டைக்கு நேராகக் காட்டி ஓட்டுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். மினி மிஷினில் பம்ப் இல்லையென்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரியைக் கழற்றிவிட்டு நீங்களே சொட்டுவிட வேண்டும். வண்டியில் வடித்த கழிவு ஆயில் வேண்டாம். அதில் இரும்புத்தூள் கிடக்கும், தோலுக்கும் கேடு.

செயின் பாரின் அடியில் தொங்கக் கூடாது. நடுவில் பிடித்துத் தூக்கினால் லேசாக எழும்பி, விட்டதும் பழையபடி ஒட்ட வேண்டும். செயினின் அடிப்பல் பாரின் பள்ளத்தை விட்டு வெளியே வரக் கூடாது. சூடாக இருக்கும்போது இறுக்கிய செயின் ஆறினால் சுருங்கும். அதனால் வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

மரத்தூள் துருவலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவாக விழுந்தால் மொக்கை. மொக்கைச் செயினை அழுத்தி ஓட்டினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், மோட்டார் சூடாகும், உங்கள் கையும் நழுவும். எந்த அளவு அரம் என்பது கையேட்டில் இருக்கும். பல வீட்டு மிஷின்களுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம் சரிவரும். 30 டிகிரி சாய்வில் உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும், இழுக்கும்போது தொடக் கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு கோணலாக ஓடும்.

பேட்டரி விஷயத்தில் ஏமாற்று அதிகம். மினி மிஷின் பேட்டரியில் 21 வோல்ட் என்றிருந்தால், 4.2 வோல்ட் வீதம் ஐந்து செல், முழு சார்ஜில் அந்தக் கணக்கு வரும். 48, 88 என்று பெரிய எண் அச்சடித்த சிலவற்றைத் திறந்து அளந்திருக்கிறேன், அதே ஐந்து செல் வரிசைதான். மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் 12 வோல்ட் சார்ஜரை முனை மாற்றிக் கட்டி இதற்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஈய பேட்டரிக்கானது, தயவுசெய்து செய்யாதீர்கள். வேலை முடித்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். சித்திரை வெயிலில் வண்டிப்பெட்டிக்குள் வைக்காதீர்கள். இரவில் எல்லாரும் தூங்கும்போது வைக்கோல், சாக்கு பக்கத்தில் சார்ஜில் விடாதீர்கள். மாதக்கணக்கில் வைப்பதென்றால் பாதி சார்ஜில், மிஷினிலிருந்து கழற்றி, நிழலில் வையுங்கள்.

உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவோ, குத்தவோ, குப்பையில் எறியவோ கூடாது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன, வாங்கிய இடத்தில் கேளுங்கள். எங்கள் பக்கம் இருப்பவர்கள் என்னிடமே கொண்டு வரலாம். பட்டறை வாசலில் மணல் நிரப்பிய ஒரு இரும்பு வாளி இருக்கிறது. முனையில் டேப் ஒட்டி அதற்குள் வைத்துவிட்டுப் போங்கள்.